நாய்க்கு முடி வளர்ந்தால் தருவதாகச் சொன்ன பணம்

வீட்டைக் காலி செய்த அன்று அந்த முன்னறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர், அவர் மனைவி, வீடு பேசி முடித்த புரோக்கர், என் கணவர், நான், அப்புறம் அந்த நாய். வேறு யாரும் இல்லை. பக்கத்து வீட்டுச் சேச்சி வாசல்வரை வந்தார். சத்தத்தைக் கேட்டதும் திரும்பிவிட்டார், அதனால் அவரைச் சேர்க்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவைக்கக் காரணம் உண்டு. தன் மருமகன் இருந்தான், ஒரு வக்கீல் நண்பர் இருந்தார், எல்லாரும் சாட்சி என்று வீட்டுக்காரர் இப்போது மட்டாஞ்சேரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஒருவரும் இல்லை. நாயையும் சேர்த்து ஆறு பேர். அதில் கடைசிவரை ஒரு வார்த்தை பேசாதவர்கள் இரண்டு பேர்: நாயும் என் கணவரும்.

அந்த வீட்டை நாங்கள் பணயத்துக்கு எடுத்திருந்தோம். தமிழ்நாட்டில் ஒத்தி என்பார்கள். மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியிருக்க வேண்டும். காலி செய்கிற அன்று அதே தொகை கைக்குத் திரும்ப வர வேண்டும். நாங்கள் கொடுத்தது மூன்று லட்சம். என் கணவருக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. அவருடைய பி.எஃப். கடனும் நான் கட்டிய சீட்டும் சேர்ந்துதான் அந்த மூன்று லட்சம். எங்களுக்கென்று இருந்த சொத்து முழுவதும் அதுதான், அதுவும் இன்னொருவர் கையில். நான் பிறவியிலேயே பயந்தவள். கேஸை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவள். அப்படிப்பட்டவள் மூன்று லட்சத்தை ஒரு மனிதரிடம் கொடுத்துவிட்டு, அவருக்குக் கீழ்வீட்டில் குடியிருந்தால் எப்படி இருக்கும்? மாடியில் அவர் இருமினால்கூட எனக்குப் பணத்தின் ஞாபகம்தான் வரும்.

அவருக்கு ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் நான் தங்கச்சி. காரியம் ஆனபிறகு 'தாழத்தெ பாண்டிக்காரி'. கீழ்வீட்டுத் தமிழச்சி என்று அர்த்தம். கெட்ட வார்த்தைபோலத்தான் சொல்வார். என் அப்பா பிறந்ததே இந்த ஊரில். நான் ஏழாம் வகுப்போடு நிறுத்தியது இங்கே இருக்கிற மலையாளப் பள்ளியில். ஓட்டு, ரேஷன் கார்டு எல்லாம் இங்கேதான். ஆனாலும் பாண்டி.

அவர்கள் களமசேரியில் மகளுடைய பிளாட்டுக்குப் போகும்போது நான் தங்கச்சியாக இருந்தேன்.

"தங்கச்சி, ரெண்டு மாசம். பேரனுக்கு மூச்சு இளைப்பு. நாயைக் கொண்டுபோக முடியாது. நீ ஒந்நு நோக்கணும், பார்த்துக்கணும்."

"எனக்கு நாய் வழக்கமில்லையே சேட்டா."

"அது நாயே அல்ல," என்றார் அவர் மனைவி. "வீட்டுப் பிள்ளை மாதிரி."

வெள்ளைப் பொமரேனியன். அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார்கள். அதை எழுதி என் பேனாவைக் கெடுக்க மாட்டேன். எனக்கு அதைப் பிடிக்காது, அதற்கும் என்னைப் பிடிக்காது. வந்த வாரமே என் குதிகாலைக் கடித்தது. இருந்தாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று லட்சம் அவர் கையில் இருக்கும்போது எந்த வாயால் சொல்வது?

இரண்டு மாதம் ஒரு வருஷமானது. ஒரு மூட்டை நாய்த்தீனி வாங்கி வைத்துவிட்டுப் போனார்கள். அது தீர்ந்ததும் போன் செய்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார்கள். நான் சோறும் வேகவைத்த மத்தி மீனும் போட்டேன். அதற்குப் பிறகுதான் அந்த வெள்ளைக்கரு வந்தது.

நான் வேலை செய்வது கல்யாண ஆர்டர் எடுக்கிற ஒரு வீட்டுச் சமையற்கூடத்தில். அங்கே முட்டைமாலை செய்வார்கள். மஞ்சள் கருவை மட்டும் எடுத்து, கொதிக்கிற சர்க்கரைப் பாகில் நூல் நூலாக விட்டு, வெந்ததும் சுருளாக எடுத்துப் போடுகிற பலகாரம். என் வேலை முட்டை உடைப்பது. மஞ்சள் ஒரு பாத்திரத்தில், வெள்ளை இன்னொரு பாத்திரத்தில். வெள்ளையில் கொஞ்சத்தை அப்பமாக அவிப்பார்கள். மீதி நிறைய இருக்கும். "கொட்டாதே, எடுத்துக்கிட்டுப் போ" என்பார் கூடம் நடத்துகிற முஸ்லிம் அக்கா, எங்களுக்கு இத்தா. தூக்குவாளியில் ஊற்றி எடுத்து வருவேன். நாங்கள் பொரித்துச் சாப்பிடுவோம். எத்தனை நாளைக்குத்தான் வெறும் வெள்ளையைத் தின்பது?

ஒரு நாள் வீட்டுக்காரர் மனைவி மாடியிலிருந்து ஏதோ பாத்திரம் எடுக்க வந்தார். நான் ஜன்னல் பக்கத்தில் தூக்குவாளி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எட்டிப் பார்த்தார்.

"அய்யோ, இது முழுசும் புரோட்டீன் அல்லே! இதை வெச்சுக்கிட்டா தீனி வேணும்னு போன் பண்றே? தினம் ஒரு கிளாஸ் ஊத்து. முடி பளபளன்னு வரும்."

"வேகவெச்சா சேச்சி?"

"எதுக்குக் கேஸை வேஸ்டாக்கறே? பச்சையாவே கொடு. எங்க அச்சன் வீட்டு நாய்க்கெல்லாம் பச்சை முட்டைதான்."

இப்படித்தான் சொன்னார். மூடி என் இடது கையில் இருந்தது. இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சந்தேகப்படுவதையே தொழிலாக வைத்திருக்கிற நான் சொல்கிறேன்.

அன்றிலிருந்து தினம் ஒரு கிளாஸ் பச்சை வெள்ளைக்கரு. நாய் நக்கி நக்கிக் குடித்தது. அது வயிறு நிறையக் குடித்ததும் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். எனக்கும் மீன் மிச்சம். சில மாதம் போனது. முதலில் வால் நுனியில் முடி போனது. அப்புறம் பின்தொடை. கண்ணைச் சுற்றிப் பொருக்குப் பொருக்காகத் தோல் உரிந்தது. கூட்டின முடியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுவைத்து, நேற்றைவிட இன்று அதிகமா என்று தூக்கிப் பார்ப்பேன். என் கணவர் பார்த்துவிட்டு, "கவரை வித்தா காசு வருமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கவரில் இருந்தது என்னைப் பொறுத்தவரை நாய்முடி அல்ல, எங்கள் மூன்று லட்சம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து கிடந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"முடி கொட்டுது சேட்டா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டா. ஊசி போட்டுக் கொல்லுவாங்க. கடையில் சப்ளிமெண்ட் கேட்டு வாங்கு. பில் வை, நான் தரும்."

தோப்பும்படிப் பக்கம் நாய்ப் பொருள் விற்கிற கடை. கடைக்காரன் கண்ணாடி அலமாரியைத் திறந்து, கோயில் பூசாரிபோல ஒவ்வொரு டப்பாவாக எடுத்துக் காட்டினான்.

"சேச்சி, இது ஒமேகா, மீனெண்ணெய் மாத்திரை. இது பயோட்டின் பவுடர், முடிக்கு இதான் ராஜா. இது சிங்க் சிரப். மூணும் சேர்ந்து போச்சுன்னா கரடி மாதிரி ஆயிடும்."

"ஏற்கெனவே கரடி மாதிரிதான் கடிக்குது. முடி மட்டும் வந்தால் போதும்."

"வரும் சேச்சி, வராம எங்க போகும்!"

விலையை இரண்டு தடவை கேட்டேன். வாங்கினேன். எண்ணெய் மாத்திரையை மத்திக்குள் வைத்தால் மீனைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பியது. அதனால் அதைக் குத்திப் பிழிந்தேன். பவுடரும் அப்படித்தான், சோற்றில் கலந்தால் தொடாது. அது விரும்பிக் குடிக்கிற ஒரே பொருள் வெள்ளைக்கரு. ஆகவே பவுடர், எண்ணெய், சிரப் மூன்றையும் அந்தக் கிளாஸிலேயே கலக்கிக் கொடுத்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காது. எனக்கும் நிம்மதி.

முடி இன்னும் வேகமாகக் கொட்டியது. நான் மறுபடி கடைக்குப் போனேன்.

"மூணு மாசம் ஆகும் சேச்சி. பொறுமை வேணும். டோஸைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்க. இன்னொரு டப்பா எடுக்கட்டுமா?"

"மூணு மாசத்தில் அது உங்க தலை மாதிரி ஆயிடும்."

அவனுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. முடி மருந்து விற்கிறவன். எனக்கு அது முன்பே உறைத்திருக்க வேண்டும். அவன் முகம் சுருங்கிப்போனது, ஆனாலும் டப்பாவுக்குப் பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை. அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். மொத்த பில் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. வீட்டை டூரிஸ்டுகளுக்கு விடப் போகிறார்களாம். யூதர் தெரு இருக்கிற ஜூ டவுனுக்கு நடந்து போகிற தூரம், நல்ல காசு வரும். மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். நாங்கள் போர்ட் கொச்சிப் பக்கம் ஒரு சந்தில் வீடு பார்த்தோம். அதுவும் பணயம், அதே மூன்று லட்சம். இங்கே வாங்கி அங்கே கொடுக்க வேண்டும். இடையில் ஒரு ரூபாய் குறைந்தாலும் சாமானோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

எனக்குத் தூக்கம் போனது. வீட்டுக்காரர் சொன்னதை மீறி, நாயை ஆட்டோவில் போட்டு அரசு மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஒரு பெண் டாக்டர். தோலைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். பூச்சி இல்லை என்றார். நான் பையிலிருந்து டப்பாக்களை எடுத்து மேஜையில் அடுக்கினேன்.

"இதெல்லாம் யார் எழுதிக் கொடுத்தது?"

"கடைக்காரன்."

"அவன் எந்தக் காலேஜில் படிச்சான்?" என்று கேட்டுவிட்டு, "இதை எதில் கலந்து கொடுக்கறே?" என்றார்.

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பச்சை வெள்ளைக்கருவில் பயோட்டினா? அம்மா, பச்சை வெள்ளைக்கரு அந்த பயோட்டினைப் பிடிச்சு வெச்சுக்கும். உடம்பில் சேரவே விடாது. நீ கொடுக்கற மருந்தை நீயே அடைச்சு வெச்சிருக்கே. சாப்பாட்டில் இருந்து வர்றதும் அதோட போகும். வேகவெச்சா இந்தத் தொல்லை இல்லை."

அப்படியென்றால் இதுதான் காரணமா என்று கேட்டேன். இது ஒன்றுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், வேறு நோயும் இருக்கலாம், ஆனால் முதலில் இதை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றார். சிங்க் அந்தப் பவுடரிலும் இருக்கிறது, சிரப்பிலும் இருக்கிறது, அதிகமானால் விஷம் என்று சிரப்பை ஓரமாகத் தள்ளினார். "குறை இருக்கற நாய்க்குத்தான் சத்து மருந்து. குறை என்னன்னு பார்க்காம கொட்டினா நாய்க்கு ஒண்ணும் இல்லை, கடைக்காரனுக்குத்தான் சத்து." முடி வர இரண்டு மூன்று மாதமாவது ஆகும் என்று சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

எனக்கு இருந்ததோ ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளும் முட்டையை மஞ்சளோடு வேகவைத்துப் போட்டேன். ஒரு நாய்க்கு அப்படி உட்கார்ந்து ஊட்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பாசமா? ஒன்றுமில்லை. அது மென்று விழுங்கும்போதெல்லாம் 'வளர், வளர்' என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சாவி கொடுக்கிற நாள் வந்தது. சாமானெல்லாம் கட்டி வாசலில் வைத்தாயிற்று. வீட்டுக்காரர் மனைவியோடும் புரோக்கரோடும் உள்ளே வந்தார். நாய் வாலாட்டிக்கொண்டு ஓடியது. அந்த வாலைப் பார்த்து அவர் ஒரு அடி பின்னால் போனார்.

"எந்தா இது? எலியா? என்டெ நாய் எவிடே?"

"இதுதான் சேட்டா."

அவர் மனைவி நாயைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஒரு வருஷமாக நாயைப் பார்க்கவென்று வராதவருக்கு அவ்வளவு கண்ணீர் எங்கிருந்துதான் வந்ததோ. வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பேசவில்லை, சுவரைப் பார்த்துப் பேசினார்.

"பாண்டிக்காரங்க கையில் கொடுத்தா இப்படித்தான். பட்டினி போட்டுக் கொன்னிருக்காங்க."

"பட்டினியா? தீனி அனுப்பறேன்னு ஒரு வருஷமா அடுத்த வாரம் அடுத்த வாரம்னு சொன்னது யாரு?" என்று கேட்டு, டாக்டர் சீட்டை நீட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். பச்சை வெள்ளைக்கரு என்றதும் அவர் மனைவியின் அழுகை நின்றது.

"அதுக்கு?"

"நீங்க சொல்லித்தானே சேச்சி கொடுத்தேன். கேஸை வேஸ்டாக்காதே, பச்சையாக் கொடுன்னு இந்த ஜன்னல் பக்கத்தில் நின்னு சொன்னீங்க."

"நானா? வேகவெச்சுக் கொடுன்னுதானே சொன்னேன்! என் பிள்ளைக்கு நானே பச்சையாக் கொடுக்கச் சொல்வேனா? உனக்குப் புத்தி எங்க போச்சு? முட்டை வேலைதானே செய்யறே?"

"மனுஷருக்கு முட்டை உடைக்கிறவ நான். நாய் டாக்டர் இல்ல."

"எடி, நாக்கை அடக்கு," என்றார் வீட்டுக்காரர்.

"என் மூணு லட்சத்தைக் கொடுங்க, அடக்கறேன்."

நான் அப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. என் கணவரைப் பார்த்தேன். அவர் கட்டிவைத்த பாய்மேல் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். பேசினால் அடிதடியாகிவிடும், அடிதடியானால் பணம் மொத்தமும் போய்விடும் என்பது அவர் கணக்கு. அன்று அதை நினைத்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. அந்தக் கயிற்றாலேயே அவரையும் சேர்த்துக் கட்டலாம் போலிருந்தது.

வீட்டுக்காரர் நாயின் விலை, ஜாதி, இனி ஆகப்போகிற ஆஸ்பத்திரிச் செலவு, மனைவியின் மனக்கஷ்டம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஐம்பதாயிரத்தைப் பிடித்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார்.

"மனக்கஷ்டத்துக்குத் தனி ரேட்டா சேட்டா?" என்று புரோக்கர் சிரித்தார். அவருக்கு எல்லாமே தமாஷ்தான். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கியாயிற்று. அப்புறம் பெரிய நீதிபதிபோலத் தொண்டையைக் கனைத்தார். "நான் ஒரு வழி சொல்றேன். டாக்டர் முடி வரும்னு எழுதிக் கொடுத்திருக்காங்க அல்லே? முடி வரட்டும். முடி வந்தா ஐம்பதாயிரம். வரலைன்னா இல்லை. யாருக்கும் நஷ்டமில்லை."

"இக்கா, முடி வர வரைக்கும் புது வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? எங்களுக்கு இன்னைக்கே வேணும்," என்று புரோக்கரிடம் கெஞ்சினேன்.

"இன்னைக்கு முடியில்லையே," என்றார் வீட்டுக்காரர். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன்.

நாயை என்னிடமே விடுங்கள், வளர்த்துத் தருகிறேன் என்றுகூடக் கேட்டேன். அவர் மனைவி, "இனி இவ தொட்டா நான் போலீஸுக்குப் போவேன்" என்றார். நாய் அவர் தோள்மேலிருந்து என்னைப் பார்த்து உறுமியது. இரண்டரை லட்சத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். மருந்துக் கடை பில்லை நீட்டினேன். அதையும் முடி வந்ததும் பார்க்கலாம் என்றார்.

சாமான் வண்டியில் ஏறும்போதுதான் என் கணவர் வாய் திறந்தார்.

"முடி வளரும் புள்ள. நாய் முடிதானே."

என் செயினும் கம்மலும் அன்று மாலையே அடகுக்குப் போயின. புது வீட்டுக்காரரிடம் மூன்று லட்சத்தை எண்ணிக் கொடுத்தேன். வட்டி மாதாமாதம் நான்தான் கட்டுகிறேன். காது மூளியாக இருக்கிறதே என்று கேட்கிறவர்களிடம் அலர்ஜி என்று சொல்கிறேன்.

மூன்று மாதம் போனது. ஜூ டவுன் பக்கம் புரோக்கரைப் பார்த்தேன். சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"சேச்சி, நான் களமசேரிக்குப் போயிருந்தேன். உங்க நாய் இப்போ பஞ்சு மூட்டை மாதிரி இருக்கு! வேகவெச்ச முட்டையும் நல்ல தீனியும். நீங்க வரீங்கன்னு அவங்ககிட்டச் சொல்றேன்."

நான் வருவதை அவர்களிடம் அவர் சொல்லியிருக்கக் கூடாது. என் புத்திக்கு அப்போது அது தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். கணவர் வரவில்லை, நாய் முடியைப் பார்த்துக் காசு கேட்கிற வேலைக்குத் தன்னால் வர முடியாது என்றார். வாசல் செக்யூரிட்டி என் பெயரை எழுதி, யாரைப் பார்க்க என்று கேட்டார். நாயைப் பார்க்க என்று சொல்ல வந்த நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பேரனுக்கு மூச்சு இளைப்பு என்று ஒரு வருஷம் ஏற்றாத அதே பிளாட்டில், நாய் சோபாமேல் படுத்திருந்தது. உடம்பு முழுவதும் மழித்திருந்தார்கள். தோல் ரோஸ் நிறத்தில் தெரிந்தது.

"வேனல் அல்லே," என்றார் வீட்டுக்காரர். "சூடு தாங்காது. நேத்துதான் டிரிம் பண்ணினோம்."

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் புடவையிலிருந்து அவர் வீட்டுத் தரையில் தண்ணீர் சொட்டியது.

"நேத்தா? நான் வரேன்னு தெரிஞ்சபிறகா?"

"நாய்க்கு முடி வெட்ட உன்கிட்டே அனுமதி வாங்கணுமா? முடி வந்தா பணம்னு பேச்சு. முடி எவிடே? நீயே நோக்கு."

நோக்கினேன். முடி வெட்டுகிறவர்கள் அழகுக்காக வால் நுனியில் மட்டும் ஒரு கொத்து விட்டிருந்தார்கள். அடர்த்தியாக, வெள்ளை வெளேரென்று, பவுடர் பூசுகிற பஞ்சுபோல. முதன்முதலில் முடி கொட்டியதே அந்த இடத்தில்தான். கிட்டப் போய், கடித்தாலும் கடிக்கட்டும் என்று வாலைப் பிடித்தேன்.

"இது என்ன சேட்டா? இது முடியில்லையா? முதல்ல கொட்டினது இங்கதான். இங்க வந்திருந்தா எல்லா இடத்திலும் வந்திருக்கும். வழிச்சு எடுக்கற அளவுக்கு வந்ததாலதானே வழிச்சிருக்கீங்க?"

அவர் மனைவி உள்ளே போய்விட்டார். வீட்டுக்காரர் குனிந்து வாலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து டீப்பாய்மேல் வைத்தார்.

"வால் வந்திருக்கு. சம்மதிச்சேன். வாலுக்கு ஆயிரம். பாக்கி, பாக்கி முடி வந்ததும்."

தாளை அவர் மூஞ்சியில் எறிந்துவிட்டு வந்ததாக எழுத ஆசைதான். வாங்கிக்கொண்டேன். அந்த மாத வட்டிக்கு ஆயிற்று. அவர் அதற்குப் பிறகும் நாயை மழித்துக்கொண்டே இருக்கிறார் என்று புரோக்கர் சொல்கிறார், நல்ல பெரிய சலூனில், ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்து. நானும் மாதத்துக்கு ஒரு ஞாயிறு போய்க்கொண்டே இருக்கிறேன். செக்யூரிட்டிக்கு இப்போது என் பெயர் மனப்பாடம்.

வாலுக்குக் கொடுத்தது போக, மருந்துக் கடை பில்லையும் சேர்த்து, அவர் எனக்கு இன்னும் தர வேண்டியது ஐம்பத்தோராயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.